சம்மட்டிக்காரிக்கு ஒரு தங்கச்சி

என் மனைவி பகலில் கணக்கு டீச்சர், சாயங்காலத்தில் சம்மட்டிக்காரி. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது வேலைக்குக் காரணம் நான்தான். அவள் விளையாடுகிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு ஆளை நீங்களே உருவாக்க வேண்டும். மூக்கு, முடி, கையில் பிடிக்கிற ஆயுதம் எல்லாம் உங்கள் விருப்பம். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு பாழடைந்த ஊர்களிலும் குகைகளிலும் பூதங்களை அடித்துக்கொண்டே போனால், விழுகிற பூதத்திடமிருந்து வாளோ கவசமோ மோதிரமோ உதிரும். அதைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு அடுத்த பூதத்தைத் தேடிப் போக வேண்டும். இப்படியே ஏறி ஏறி ஒரு நாள் உங்கள் ஆள் உச்சத்துக்கு வந்துவிடுவார். அதற்கு மேல் ஏற இடம் கிடையாது. விளையாடுகிறவருக்கு அது சந்தோஷம், எங்களுக்குக் கவலை தொடங்குகிற நேரம். ஏனென்றால் உச்சத்துக்கு வந்தவர் கொஞ்ச நாள் சும்மா சுற்றுவார், பிறகு கொட்டாவி விடுவார், அப்புறம் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார். அவரைப் பிடித்து வைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னொரு புது ஆளை முதலிலிருந்து தொடங்கச் சொல்வது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கம்பெனி இருப்பது பெங்களூரில். நான் இருப்பது சங்கரன்கோவிலில், மாடி அறையில். கல்யாணம் ஆனதும் பெங்களூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். அவளுக்கு இங்கே நிரந்தர வேலை. அதற்காக அவள் எழுதிய தேர்வுகளையும் காத்திருந்த வருஷங்களையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எங்கள் தெருவுக்குப் பின்னால் விசைத்தறிகள் ஓடுகின்றன. வீடியோ கூட்டத்தில் நான் மைக்கைத் திறந்தாலே தடதடவென்று கேட்கும். சக ஊழியர் ஒருவர், நான் எப்போதும் ரயிலில் போய்க்கொண்டே வேலை பார்க்கிற ஆள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை.

போன கோடையில் மேலாளர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், குண்டைத் தூக்கிப் போடும்போதும் மரியாதையாகப் போடுகிறவர்.

"பாருங்க, பழைய ஆளுங்க யாரும் புதுசா தொடங்கறதே இல்லீங்க. வர்ற சீசன்லயும் இப்படியே இருந்துச்சுன்னா நம்ம டீமைக் கலைச்சிருவாங்க. உங்களுக்கு வேற டீம்ல இடம் இருக்குதுங்க. ஆனா நேர்ல வந்துதான் வேலை பாக்கோணும்."

சீசன் என்பது சில மாதங்களுக்கு ஒருமுறை விளையாட்டுக்கு நாங்கள் போடுகிற புது வேஷம். அடுத்த சீசன் கார்த்திகையில். அதற்குள் பழைய ஆட்களைப் புதிதாகத் தொடங்க வைக்க நான் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் நான் பெங்களூரில், அவள் சங்கரன்கோவிலில். அப்படிப்பட்ட புருஷன்மாரை எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கலாம். முதுகில் பை, கையில் முறுக்குப் பொட்டலம், முகத்தில் ஈயாடாது. அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு மனசில்லை. சொல்லப்போனால் பயமாகவே இருந்தது.

அவளிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கலைச்சா கலைச்சிட்டுப் போறாவ. பாத்துக்கிடலாம்," என்றாள். திரும்பவும் சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டாள். இவ்வளவுதானா என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது.

ஆனால் ஒன்று புரிந்தது. புதிதாகத் தொடங்க மாட்டேன் என்கிற பழைய ஆளைத் தேடி நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய சம்மட்டிக்காரி உச்சத்துக்குப் போய் ரொம்ப நாளாகிறது. தலையில் கொம்பு வைத்த கவசம், கையில் ஆளுயரச் சம்மட்டி. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பழைய பூதங்களையே போய்ப் போய்ச் சாத்திவிட்டு வருவாள். புது ஆளைத் தொடங்கேன் என்று கேட்டால், "இவளை எங்கன விட்டுட்டுப் போகச் சொல்லுதீய?" என்பாள். இவளை மசிய வைத்துவிட்டால் போதும், உலகத்தில் மற்ற எல்லாரும் தானாக வழிக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் ஆசை காட்டினேன். சோதனைக்காக நாங்கள் வைத்திருக்கிற பதிப்பில், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒளிவிடுகிற பாதரட்சை ஒன்றை இனாமாக வைத்தேன். மாட்டினால் ஓட்டம் பறக்கும். அவள் சந்தோஷமாக ஒரு புது ஆளைத் தொடங்கினாள். பாதரட்சையை வாங்கினாள். அதைச் சம்மட்டிக்காரிக்கு மாற்றிக் கொடுத்தாள். பிறகு அந்தப் புது ஆளைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் அழித்துவிட்டாள்.

"ஏட்டி, அவ பிறந்து அஞ்சு நிமிசம்கூட ஆவலையே," என்றேன்.

"செருப்பு வாங்கத்தான வந்தா. வாங்கியாச்சு, போயிட்டா."

அடுத்து, வழியைச் சுருக்கிக் கொடுத்தேன். புது ஆள் முதல் படியிலிருந்து கஷ்டப்பட வேண்டாம், பாதி உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன் என்றேன். அவள் பத்து நிமிஷம் விளையாடிவிட்டு எழுந்துவிட்டாள். இது யாரோ ஏறின ஏற்றம், இதில் தனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் நேராக ஏழாவது வரியிலிருந்து கணக்குப் போடுகிற பையன்களை அவளுக்கு ஆகாது. அந்தப் பட்டியலில் என்னையும் சேர்த்துவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மூன்றாவதாகச் செய்ததுதான் வினையாகிவிட்டது. பழைய ஆளின் பலத்தைக் கொஞ்சம் குறைத்தால் மனசு தானாகப் புதுசைத் தேடும் என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கும் சரியென்று பட்டது. அவளிடம் சொல்லாமல் சம்மட்டியின் அடியைக் கொஞ்சம் இளக்கி வைத்தேன். அன்று சாயங்காலம் அவள் ஒரு சுண்டைக்காய்ப் பூதத்தை அடித்தாள். அது விழவில்லை. இன்னொரு அடி அடித்தாள். அதற்கும் விழவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை அது. அதன் பிறகு வீட்டில் தொடர்ந்து உப்புமாதான். நான்காவது வேளை நான் மாடிக்குப் போய், சம்மட்டியின் பலத்தை ஒரு இம்மி குறையாமல் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வேளை தோசை கிடைத்தது.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் கோவிலைச் சுற்றுவார்கள். அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவமிருக்கிறாள், அவள் கால் வலியை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்வோம் என்று சுற்றுவது. நூற்றெட்டு என்பார்கள், ஐந்நூறு, ஆயிரம் என்று போகிறவர்களும் உண்டு. கூடவே அவரவர் வேண்டுதலும் இருக்கும். பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் இருக்கிற என் மனைவியின் அக்கா வருஷம் தவறாமல் வந்து நூற்றெட்டு சுற்றுகிறவர். அந்த வருஷம் கொடியேறிய மறுநாளே வந்து பாதி சுற்றியபோது முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. டாக்டர் நடக்கவே கூடாது என்றுவிட்டார். கால் வலியைவிட வேண்டுதல் பாதியில் நின்றுவிட்டதே என்பதுதான் அக்காவுக்குப் பெரிய வேதனை. போனில் அழுதிருக்கிறார். "நீ அழாத, நான் போய்ச் சுத்துதேன்," என்று இவள் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். என்னை அழைத்துப் போனது பக்திக்காக அல்ல, எண்ணுவதற்கு. போன வருஷம் தன் கூட வேலை பார்க்கிற டீச்சரோடு பேசிக்கொண்டே நடந்ததில் எண்ணிக்கை குழம்பிவிட்டதாம். கணக்கு டீச்சருக்கு அது எவ்வளவு பெரிய மானக்கேடு என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வருஷம் புளியங்கொட்டையை எண்ணி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அந்த டப்பா ஃப்ரிட்ஜ் மேல் பத்திரமாக இருக்கிறது என்பது கோவில் வாசலில்தான் ஞாபகம் வந்தது.

திரும்பிப் போக அவளுக்கு மனசில்லை. வாசலில் ஒரு வறுகடலைப் பொட்டலம் வாங்கினாள். உள்ளே தூண் ஓரமாக உட்கார்ந்து நூற்றெட்டு கடலையை எண்ணினாள். இன்னொரு தடவையும் எண்ணினாள். அதை என் சட்டையின் இடது பையில் போட்டாள்.

"நான் உங்களத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு கடலைய எடுத்து பேன்ட் பையில போடணும். வேற ஒரு வேலையும் பாக்கக் கூடாது. மிச்சக் கடலைய நீங்க தின்னுக்கிடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவள் செய்த தப்பு. இன்றுவரை அதைத்தான் சொல்லி வாதாடுகிறேன்.

கிளம்புவதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம். "அக்காதான் பாதி சுத்தி வச்சிருக்காவள்லா. மிச்சத்த மட்டும் சுத்தினா போதாதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ சுத்தினது அவ கால்ல சுத்தினது. அதுல நான் எப்படிப் போய் ஏறிக்கிட முடியும்? நான் ஒன்னுல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நான் தூணில் சாய்ந்து கடலையை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று, ஒரு கடலை. ஒழுங்காகத்தான் போனது. நடுவில் மேலாளரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. ஏதாவது யோசனை உண்டா என்று கேட்டிருந்தார். ஒன்றும் இல்லை. பெங்களூரில் எந்தப் பகுதியில் அறை எடுப்பது, வாராவாரம் டிக்கெட் கிடைக்குமா, அவளுக்கு ஜுரம் வந்தால் யார் பார்ப்பது என்று மனசு ஓட ஆரம்பித்தது. மனசு ஓடினால் என் வாய் சும்மா இருக்காது. பொட்டலம் தீர்ந்தது எனக்குத் தெரியவில்லை. கை பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது, பேன்ட் பைக்கும் போயிருக்கிறது.

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எத்தன ஆச்சு?"

பேன்ட் பையில் கை விட்டேன். ஒரு தோல் மட்டும் வந்தது.

"தின்னுட்டீயளா?"

நான் உதட்டில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் துடைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"பேன்ட் பையில உள்ளத மட்டும் தின்னிருந்தாக்கூடப் பரவால்ல. சட்டப் பையில உள்ளத எண்ணிக் கழிச்சுப் பாத்துருப்பேன். ரெண்டு பையிலயும்லா கை வச்சிருக்கீய." அந்த நிலைமையிலும் அவள் கணக்குதான் போட்டாள். பக்கத்தில் சுற்றி முடித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் மெதுவாகச் சொன்னேன். "உத்தேசமா எழுவது, எம்பது இருக்கும். அங்கன இருந்து எண்ணுவமா?"

"அக்காவுக்கு உத்தேசமாவா சுத்த முடியும்?" என்றாள். தண்ணீர் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தாள். "எந்திரிங்க. இந்தத் தடவ நீங்களும் வாரீய. எண்ணுதது நான். ஒன்னு."

ஒன்று என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு வந்த ஆச்சரியத்தை என்ன சொல்ல. அத்தனை சுற்றும் வீணாகப் போய்விட்டது. இனாம் இல்லை, குறுக்கு வழி இல்லை. அப்படியும் அவள் நடையில் சோர்வு தெரியவில்லை. முதலில் நடந்ததைவிட வேகமாகவே நடந்தாள், என்மேல் இருந்த கோபமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். சுற்றிலும் பார்த்தேன். சின்னப் பெண்கள், வயசானவர்கள், கையில் குழந்தையோடு ஒருவர், எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். போன வருஷம் சுற்றியவர்கள்தான் பாதிப் பேர். போன வருஷத்துக் கணக்கை யாரும் கொண்டுவரவில்லை.

நான் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளோ யாருக்காக என்று தெரிந்தால் மட்டும்தான் கால் எடுத்து வைக்கிற ஆள். நாலைந்து வருஷம் கூடவே குடும்பம் நடத்தியும் இது என் மண்டையில் ஏறவில்லை.

மிச்சச் சுற்றுகளை நான் அம்மனை நினைத்துச் சுற்றினேன் என்று சொன்னால் பொய். வேலையைத்தான் நினைத்தேன். முடிந்தபோது இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிவிட்டன. எங்கள் கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை அவள் என் காலில் தடவிவிட்டாள், சிரித்துக்கொண்டேதான். அக்காவுக்குப் போன் செய்து முடிந்துவிட்டது என்று சொன்னபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. கடலைக் கதை அக்காவின் மனசைக் குளிர வைத்திருக்க வேண்டும், மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

திங்கட்கிழமை மேலாளரிடம் என் யோசனையைச் சொன்னேன். பழைய ஆளை ஓரங்கட்டவே கூடாது. புது சீசன் தொடங்கும்போது அவர் ஊர் நடுவில், தன் கொம்பு, கவசம் எல்லாவற்றோடும், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இத்தனை காலம் சண்டை போட்ட கால், இனி நடக்காது. ஆனால் அவருக்கு ஒரு குறை பாக்கி இருக்கிறது. விளையாடுகிற ஒவ்வொருவரும் எந்த இடத்தில் அதிகம் தோற்றார் என்று எங்களிடம் பதிவு இருக்கிறது. அந்த இடம்தான் அந்தக் குறை. அதைத் தீர்க்கப் புது ஆள் ஒருவர் அவருக்காகக் கிளம்ப வேண்டும், முதல் படியிலிருந்து.

"பரிசு என்னங்க?"

"பரிசு இல்ல சார். அந்தக் குறை தீந்துட்டா, பழைய ஆளு எந்திரிச்சு நிப்பாரு. அவ்வளவுதான்."

அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "வேற வழியும் இல்லீங்களே, செஞ்சு பாத்துரலாம்," என்றார்.

ஐப்பசியில் சோதனைப் பதிப்பு தயாரானது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் திறந்து கொடுத்தேன். சம்மட்டிக்காரி ஊர் நடுவில் உட்கார்ந்திருந்தாள், சம்மட்டியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு. என் மனைவி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

"இவ ஏன் இப்படி உக்காந்துருக்கா?"

"கால் வலி. உப்பளத்துப் பூதத்துக்கிட்ட அவ எத்தன தடவ தோத்திருக்கா, தெரியும்லா? அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கா."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். புது ஆளை உருவாக்குகிற பக்கத்தைத் திறந்தாள். மூக்குக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். சம்மட்டிக்காரியின் மூக்கு, ஆனால் கொஞ்சம் சின்னது. கையில் வில்.

"யார் இது?" என்றேன்.

"தங்கச்சி. வேற யாரு போவா?"

தங்கச்சி முதல் குகையில் ஒரு எலியிடம் அடி வாங்கிச் செத்தாள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பவும் போனாள். அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு பரோட்டாக் கடையிலிருந்து வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கார்த்திகையில் சீசன் வெளியானது. பழையவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பரிசு எங்கே என்று திட்டி எழுதியவர்கள் உண்டு. ஆனால் காணாமல் போயிருந்த நிறையப் பேர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். உட்கார்ந்திருக்கிற தங்கள் பழைய ஆளைப் படம் பிடித்துப் போட்டார்கள். தம்பி, மகள், சிஷ்யன், சண்டைக்கார மாமியார் என்று விதவிதமான புது ஆட்கள் கிளம்பினார்கள். நான் தினமும் காலையில் அந்த எண்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். மார்கழி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார்.

"டீம் இருக்குதுங்க. நீங்க அங்கயே இருந்துக்கலாம். அந்த ரயில் சத்தத்தோட."

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே அவள் உப்பளத்தில் இருந்தாள். பூதத்தின் உயிர் ஒரு நூலளவுதான் பாக்கி. "இப்பம் பேசாதீய," என்றாள் திரும்பாமல். நின்றேன். கடைசி அம்பு பாய்ந்து பூதம் சரிந்தது. ஊர் நடுவில் சம்மட்டிக்காரி கையை ஊன்றி மெல்ல எழுந்து நின்றாள். அப்போதுதான் சொன்னேன்.

"டீம கலைக்கல. நான் எங்கயும் போவ வேண்டாம்."

அவள் மவுஸைக் கீழே வைத்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பம் அந்த வீட்டுக்கார அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிரட்டா?"

"எந்த வீட்டுக்கார அம்மா?"

"பெங்களூர்ல. கூட வேல பாக்குற டீச்சரோட சொந்தக்காரவ. மாடி போர்ஷன் ஒன்னு நமக்குன்னு சொல்லி வச்சிருந்தேன்." குரலில் ஒரு மாற்றமும் இல்லை, வகுப்பில் வீட்டுப்பாடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயும் கேட்டாச்சு. புது ஆளுன்னா மொதல்ல ஒன்னாங் கிளாஸ்தான் தருவாவளாம். சரின்னு சொல்லிட்டேன்."

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் அவள்.

"நிரந்தர வேலைய விட்டுட்டா?"

"பின்ன? நீங்க ஒத்தையில அங்கன கிடந்து என்ன செய்வீய?"

"எப்பம் இருந்து இது?"

"நீங்க வந்து சொன்னீயள்லா, அந்த வாரமே."

முகம் தெரியாத யார் யாரையோ முதலிலிருந்து தொடங்க வைக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று நான் மாடியில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும், கீழே ஒருத்தி எனக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கத் தயாராக இருந்திருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

அவள் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அழுதது போதும். அந்த அம்மா வீட்டப் பூட்டி வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பாவ. நீங்களே பேசிச் சொல்லிருங்க," என்றாள்.